ஏழாம் எண் டப்பா

அம்மிணி,

நீயும் உன் அம்மாவும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நாளைக் காலை நீ பெங்களூருக்குப் புறப்படுகிறாய். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய். அதில் ஒன்றுக்குப் பதில் சொல்லும் சாக்கில் மற்ற இரண்டிலிருந்தும் நான் நழுவிவிடுவேன். எனக்கு நன்றாகப் பழகிய வித்தை அது. எழுத்தில் அது நடக்காது. இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் அம்மா படிக்கலாம். நீ சேரப்போகும் கம்பெனியில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் எதையும் நம்பாதவன் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பீர்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் உள்ளே எடுக்கிறேன். இப்போது நீங்கள் வாங்கிவரும் நஞ்சன்கூடு வாழைப்பழத்தையும் எடை போடத்தான் போகிறேன், குறையத்தான் போகிறது. நீ வேலை கிடைத்ததைச் சொன்ன அன்று, எல்லாரும் சந்தோஷமாக இருந்தபோது, உன்னை எதற்காக எடுத்தார்கள் என்று நான் கேட்டேன். உன் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க யாரைத்தான் நம்புனீங்க? கல்யாணத்தன்னைக்குத் தாலிக்கயித்தையே இழுத்துப் பாத்த மனுஷன்தானே," என்றாள். அது சரியல்ல. கயிற்றின் முறுக்கு பிரிந்திருந்தது, சரிசெய்தேன். ஆனால் இருபத்தாறு வருடமாக அந்தக் கதை அவள் சொல்கிறபடிதான் வழங்குகிறது. திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற பக்கமே நிலைக்கும் என்பதை நான் அவளிடமிருந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை உன்னிடம் பயன்படுத்தினேன்.

என் சந்தேகம் வெறும் குணக்கோளாறு அல்ல, அதற்குக் காரணம் இருந்தது. உன்னை நேர்காணல் செய்தவர்களில் நடுவில் உட்கார்ந்திருந்தவன் பிரகாஷ். நீ சின்ன வயதில் பிரகாஷ் அங்கிள் என்று கூப்பிட்ட அதே ஆள். என்னோடு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு வெளியே போய், வானத்திலிருந்து எடுக்கும் படங்களையும் பழைய அளவுகளையும் வைத்து எந்த விவசாயியின் காட்டு மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கணித்துச் சொல்லும் கம்பெனியைத் தொடங்கியவன். உன்னிடம் அரைமணி நேரம் பாடம் கேட்டானாம். அப்புறம், "அப்பா எப்படியிருக்கார்? அவரோட பாக்கெட் நோட்டு ஒண்ணு இருக்குமே, இன்னும் வெச்சிருக்காரா?" என்று கேட்டானாம். நீ அதை ஒரு நல்ல விசாரிப்பாக எடுத்துக்கொண்டு வந்து சொன்னாய். மண்ணின் ஈரத்தை அளந்து நான் எழுதிய பன்னிரண்டு பெரிய நோட்டுகளின் நகல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாக்கெட் நோட்டு என் பீரோவில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் உன்னை எடுத்திருக்கிறான் என்று அன்றே முடிவு கட்டினேன். வேலைக்குப் போகாதே என்றேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் வந்து கேட்டாய்: "சின்ன வயசுலேர்ந்து இந்தத் திருட்டுக் கதையைக் கேக்கறேன்ப்பா. நீங்க ஏன் ஒரு கம்ப்ளெய்ன்ட் கூடக் குடுக்கலை? அந்த நோட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

பெரிய இடத்து ஆட்களோடு மோத முடியாது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அது பொய். உண்மையை இப்போது எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு வருடம் செய்த வேலை என்னவென்று நீ படிப்பில் ஒரு பத்தியாகப் படித்திருப்பாய். ஹனூரைச் சுற்றி ஐந்து விவசாயிகளின் காடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மைசூரிலிருந்து ஜீப்பில் போவோம். ஆகர் என்று நாங்கள் சொல்லும் துளைக்கம்பியைத் திருகி இறக்கி, அரை அடியில், ஒரு அடியில், இரண்டு அடியில் மண் எடுப்போம். எடுத்த மண்ணை எண் போட்ட அலுமினிய டப்பாவில் அடைத்து மூடி, டேப் சுற்றி, நிலையத்துக்குக் கொண்டுவந்து எடை போடுவோம். நூற்றைந்து டிகிரி ஓவனில் ஒரு நாள் வைத்து, காய்ந்த பிறகு மறுபடி எடை போட்டால், குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர். அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யலாம். ஆனால் எந்த மழைக்குப் பிறகு மண் எத்தனை நாள் தாங்கும், எப்போது பயிர் வாட ஆரம்பிக்கும் என்பதை அந்தப் பகுதிக்குச் சொல்ல அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது. வானத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு, மேல்மண் இரண்டு விரற்கடைக்குக் கீழே கண் தெரியாது. அதற்குக் கீழே இருப்பதை அது என்னைப் போன்றவன் எழுதி வைத்த எண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் யாரிடமாவது பெருமையாகப் பேசியிருக்கிறேன் என்றால் இதைப் பற்றித்தான்.

ஐந்தில் மூன்றாவது காடு நஞ்சப்பனுடையது. செம்மண். மழைக்காலத்தில் ஆகர் தானாகவே இறங்கும். பங்குனி, சித்திரையில் அந்த மண் செங்கல்லாக இறுகிவிடும். முதல் மூன்று கோடைகளில் சில நாட்கள் எங்களால் அரை அடிக்குக் கீழே இறக்கவே முடியவில்லை. அந்தக் கட்டங்களை நோட்டில் காலியாக விட்டேன். அப்போது எங்களுக்கு மேலே இருந்த அதிகாரி, காலியாக விட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்தார். வேலையில் அக்கறையின்மை என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த மனிதர் ரிட்டையராகி மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. என் கோபம் மட்டும் ரிட்டையராகவில்லை.

நாலாவது வருடக் கோடையில் ஆகர் சுலபமாக இறங்கியது. நாற்பது நாளாக ஒரு சொட்டு மழையில்லை. இரண்டு அடி ஆழத்து மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், உருண்டை பிடித்தது. எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. எங்களுக்குத் துளை போட்டுக் கொடுத்த மாதேவன் ஹனூர்க்காரன், நாங்கள் போவதற்கு முந்தின நாளே இடத்தைச் செதுக்கி வைப்பவன். அவனைக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "நேத்து சாயங்காலம் ஒரு கொடம் ஊத்திட்டேன் சார். இல்லாட்டி கம்பி எறங்குமா? நீங்களே திருகிப் பாருங்க," என்று ஈரமில்லாத ஓர் இடத்தைக் காட்டி ஆகரை என் கையில் கொடுத்தான். திருகினேன். ஒரு சாண் இறங்குவதற்குள் உள்ளங்கைத் தோல் கிழிந்தது. அவன் சிரிக்கவில்லை, அதற்காக அவனை எனக்குப் பிடித்தது.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: மண் இறுகியிருந்தது, எடுக்க முடியவில்லை. அந்த வரியே ஒரு அளவு. கம்பி இறங்காத அளவுக்கு மண் காய்ந்திருக்கிறது என்பதைவிடத் திருத்தமாக அன்றைக்கு வேறு எதையும் சொல்ல முடியாது. நான் டப்பாவில் அடைத்தேன். எடை போட்டேன். எண்ணை எழுதினேன். மாதேவன் ஊற்றிய ஒரு குடம் தண்ணீரைத்தான் இரண்டு தசம இடம் வரை அளந்து எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கோடைகளில், ஜீப்பை விட்டு இறங்கியதும் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்திட்டியா?" என்பதுதான். கட்டங்கள் நிரம்பின. மெமோ வரவில்லை. அதிகாரி ஒரு கூட்டத்தில் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

மனசாட்சி என்று ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றி எடுத்த நாட்களுக்கு நேராக ஒரு சிறு வட்டம். வேறு எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து வட்டம் போட்ட நாட்களை எல்லாம் நீக்கிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாள் வரவேயில்லை. பிரகாஷ் கேட்ட பாக்கெட் நோட்டு அதுதான்.

இனி அவன் கதை. அவன் சுறுசுறுப்பானவன், கணக்கில் கெட்டிக்காரன். காட்டுக்கு அதிகம் வரமாட்டான், ஷூவில் மண் ஒட்டினால் கவலைப்படுவான். நம் வீட்டில் எத்தனையோ மதியம் சாப்பிட்டிருக்கிறான். உனக்கு முதல் கால்குலேட்டர் அவன் கொடுத்ததுதான். பன்னிரண்டு நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு இரண்டு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிப்போனான். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தன, ஒன்றின் அட்டையில் டீ கிளாஸ் வைத்த வட்டத்தோடு. அதற்குப் பின் வந்த ஆய்வுக்கட்டுரையில் அவன் பெயர் மட்டும். என் பெயர் கடைசிப் பக்கத்தில், ஜீப் ஓட்டியவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் நன்றி. இது உனக்குத் தெரிந்த கதை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்னும் அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

உனக்குத் தெரியாதது இது. நோட்டுகள் அவனிடம் இருந்தபோது ஒருநாள் என் மேஜைக்கு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தை விரித்து, "சார், ஏப்ரல்ல கூட இரண்டடியில இவ்ளோ ஈரமா? நிஜவாகலு?" என்று கேட்டான். நிஜமாகவா என்றுதான் கேட்கிறான், சந்தேகமாகத்தான் கேட்கிறான். என்னைப் போலவே அவனுக்கும் அந்த எண் உறுத்தியிருக்கிறது. நான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஹனூர் மண்ணு அப்படித்தான்." அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மை விசேஷமாக இருக்கிறது என்று கட்டுரையில் ஒரு பகுதியே எழுதினான். பெயர் போடாமல் விட்டது தெரிந்த அன்று நான் ஏன் போய்ச் சண்டை போடவில்லை என்று கேட்டாயே. புகார் கொடுத்தால் நோட்டுகளை எடுத்து வைத்து விசாரிப்பார்கள். விசாரித்தால் மாதேவனைக் கேட்பார்கள். என் வாயைக் கட்டிப்போட்டது பெரிய இடத்து ஆட்கள் அல்ல, ஒரு குடம் தண்ணீர். அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திருட்டில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. அவன் திருடிப்போனது அழுகிய பழம், தின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவன் கம்பெனி தொடங்கியபோது, அந்தப் பழத்தை அவன் ஊருக்கெல்லாம் பரிமாறப்போகிறான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பேசாமல் இருந்தேன்.

பழத்தைத் தின்றது அவன் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் நஞ்சப்பன் எனக்குப் போன் செய்தார். மக்காச்சோளம் பூ எடுக்கிற நேரம். போர்வெல்லில் தண்ணீர் குறைந்து, ஒரு நாளைக்கு ஒரு காட்டுக்குத்தான் பாயும் நிலை. பிரகாஷின் கம்பெனி அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. மக்காச்சோளக் காட்டில் ஈரம் போதுமான அளவு இருக்கிறது, ஆறு நாளைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று அவருக்குச் செய்தி வந்திருந்தது. அவர் கேட்டார்: "ஏனுங்க சார், மண்ணுக்குள்ள தண்ணி இருக்குதுன்னு போனு சொல்லுது. கைய விட்டுக் கிளறுனா புழுதியாத்தான் வருது. நம்ம காட்டையே அளந்து வெச்சுச் சொல்றதுங்கறாங்க. நான் எதைய நம்பட்டுங்க?"

அம்மிணி, பதில் எனக்கு அந்த நொடியே தெரியும். அந்தக் கணக்கு ஏன் அப்படிச் சொல்கிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். காய்ந்த நாட்களில் ஈரம் இருந்ததாக நான் எழுதி வைத்ததை நம்பி, மழை நின்ற பிறகும் அந்த மண் மெதுவாகத்தான் காயும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கையை நம்புங்கள், இன்றைக்கே தண்ணீர் கட்டுங்கள் என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான் சொன்னது: "பெரிய கம்பெனிங்க. சாட்டிலைட் எல்லாம் வெச்சுச் சொல்றாங்க. போன் சொல்றபடியே செய்ங்க." அவர் காட்டில் பயிர் காயட்டும், அவரைப் போல நூறு பேர் காட்டில் காயட்டும், எல்லாரும் திரண்டு போய் பிரகாஷின் வாசலில் நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். யாரும் போய் நிற்கவில்லை. செய்திக்குக் கீழேயே, இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி இருந்ததாம். மணி பிடிக்காத சோளத்தட்டையை நஞ்சப்பன் அறுத்து மாட்டுக்குப் போட்டார். அடுத்து பேசியபோது, "போனு பொய் சொல்லிப்போடுச்சு, நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வருடமும் தை மாதம் ஒரு பை அவரைக்காய் கொடுத்தனுப்பினார். நீயும் சாப்பிட்டாய்.

இதையெல்லாம் நான் கடைசிவரை சொல்லாமலே இருந்திருப்பேன். உன்னை மூன்று நாள் பேசாமல் இருக்கவைத்த சண்டை கூட என்னைச் சொல்லவைக்கவில்லை. சொல்லவைத்தது வேறு. சமாதானம் ஆன பிறகு உன் அம்மாவிடம் நேர்காணல் கதையை நீ முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று அவர்கள் கேட்டார்களாம். எட்டு வயதில், பள்ளி லீவில் அப்பாவோடு ஹனூருக்குப் போனதையும், கொதிக்கும் வெயிலில் குழிக்குள் கைவிட்டு ஈரமண்ணைத் தொட்டதையும் சொன்னாயாம். மழையே இல்லாமல் எப்படிப்பா ஈரம் என்று நீ கேட்டதற்கு, மேலே பார்த்தால் தெரியாது, மண் உள்ளே பிடித்து வைத்திருக்கும் என்று அப்பா சொன்னார், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்றாயாம். எல்லாரும் ரசித்தார்களாம்.

அந்தக் குழி நஞ்சப்பன் காட்டில் இருந்தது. முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் அது. நீ கையைக் கழுவ மறுத்து, அந்த மண் விரலோடு ஜீப்பில் தூங்கிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. நான் உன்னிடம் பொய் சொன்னது வேலைக்காகக் கூட இல்லை. நீ அவ்வளவு ஆச்சரியமாக என்னைப் பார்த்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அந்தப் பொய்யின் மேல் நீ பதினாறு வருடம் படித்திருக்கிறாய்.

போன வியாழக்கிழமை பென்ஷன் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கொள்ளேகால் பஸ் ஏறி, அங்கிருந்து ஹனூருக்குப் போனேன். பழைய ஆகரைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன், கண்டக்டர் அதை ஆயுதம்போலப் பார்த்தார். என் திட்டம் இதுதான். நஞ்சப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பிறகு பாக்கெட் நோட்டை உன்னிடம் கொடுப்பது. வட்டம் போட்ட நாட்களை நீக்கிவிட்டால் மீதி எண்கள் சுத்தம். நீ அதை வைத்துக் கணக்கைத் திருத்துவாய், பிரகாஷின் முகத்துக்கு நேராக. அந்தக் காட்சியை பஸ்ஸில் மூன்று மணி நேரம் நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். பாவமன்னிப்புக் கேட்கப் போகும்போதும் எனக்கு ஒரு ஆதாயம் இருந்தது, பார்.

நஞ்சப்பனும் அவர் மனைவி ரத்தினாவும் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டீ கொடுத்தார்கள். மாதேவன் தண்ணீர் ஊற்றிய கதையை முதலில் சொன்னேன். நான் ஒரு பெரிய ரகசியத்தை உடைப்பதாக நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தியிருந்தேன். நஞ்சப்பன் புரியாமல் பார்த்தார். "அது உங்க முறைதானுங்களே? மாதேவன் ஒருக்கா சொல்லீட்டுப் போனானுங்க. அப்பறம் அவன் வராத நாளைக்கெல்லாம் நானே ரெண்டு கொடம் ஊத்தி வெச்சுப்போடுவனுங்க. அத்தன தூரத்துல இருந்து வர்றீங்க, கை நோவுமில்லீங்க."

ரத்தினா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கொடம்னு சொல்றாரு. சாருக்குன்னா நாலு ஊத்துவாரு. ஊட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு சொம்பு மோந்து குடுக்கறதுக்கு மட்டும் என்னையக் கூப்புடுவாரு."

இருவரும் சிரித்தார்கள். எந்தெந்த நாட்களில் அவராக ஊற்றினார் என்று கேட்டேன். அதையெல்லாம் யார் நினைவு வைத்தார்கள் என்றார். கோடை மட்டுமா என்றேன். மழை தள்ளிப்போன மாதங்களிலும் உண்டு என்றார். மற்ற நாலு காட்டுக்காரர்களும் அவரைப் பார்த்து அதையே செய்தார்களாம். சட்டைப் பையில் இருந்த நோட்டை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பதினைந்து வருடமாக அந்த வட்டங்களை ஒரு ஆயுதமாக வைத்திருந்தேன். நான் சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன், பிரகாஷை, அதிகாரியை, உன் மதிப்பெண்ணைக் கூடச் சந்தேகப்பட்டேன். என் கையெழுத்தில் இருந்த வட்டங்களை ஒருமுறையும் சந்தேகப்படவில்லை. வட்டம் இல்லாத நாட்களில் எது உண்மை, எது அந்த மனிதர் என் கை நோகுமே என்று ஊற்றிய தண்ணீர் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

பிறகு போன் விஷயத்தைச் சொன்னேன். கூட்டிக் குறைக்காமல் சொன்னேன். ரத்தினா வாளியை வைத்துவிட்டு நின்றார். நஞ்சப்பன் கேட்டார்: "அன்னைக்கு நீங்க தெரிஞ்சேதான் சொன்னீங்களா சார்?"

"ஆமாங்க."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். "வாங்க. தண்ணி ஊத்தாம ஒருக்கா எடுத்துப் பாப்போம்."

அரை அடி இறங்க ஒரு மணி நேரம் ஆனது. கடப்பாரையால் அவர் குத்த, நான் ஆகரைத் திருக, மாறி மாறிச் செய்தோம். பத்து மணிக்குத் தொடங்கியது, இரண்டு அடி தொட்டபோது ஒன்றரை. மேலே வந்தது பொடியும் பருக்கையுமாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், விரலிடுக்கில் கொட்டிப்போனது. பழைய டப்பாக்களில் ஒன்றை எடுத்துப்போயிருந்தேன், ஏழாம் எண். அதில் அடைத்து, மூடி, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். கிளம்பும்போது நஞ்சப்பன் ரோடுவரை வந்தார். எப்போதும் என் பையில் எதையாவது நிரப்பாமல் விடமாட்டார்கள். அன்று என் பை காலியாகத்தான் வந்தது. பென்ஷன் ஆபீசுக்குப் போனவருக்குக் கையில் எப்படிக் காயம் என்று நீ கேட்டாய். கேட் இடுக்கில் மாட்டியது என்றேன். நான் உன்னிடம் சொன்ன பொய்களில் அது கடைசியாக இருக்கட்டும்.

வேலைக்குப் போ. போகாதே என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன்னை உன் படிப்புக்காக எடுத்தார்களா, இந்த நோட்டுக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டாவது என்றால் அவர்கள் ஏமாறப்போகிறார்கள். நோட்டையும் உன் பையில் வைத்திருக்கிறேன், பிரகாஷிடமே கொடுத்துவிடு. வட்டங்களை நம்பவேண்டாம், வட்டமில்லாத இடங்களையும் நம்பவேண்டாம் என்று சொல். இந்தக் கடிதத்தையும் கொடு. ஏப்ரல் ஈரம் நிஜமா என்று அவன் கேட்டதற்கு இதுதான் பதில், கொஞ்சம் தாமதமாகிவிட்டது. படித்துவிட்டு அவன் இதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவான் என்றுதான் என் சந்தேகம். அதனால் கொடுப்பதற்கு முன்பே ஒரு பிரதி எடுத்து நீ வைத்துக்கொள். அவன் பூட்டாவிட்டால், ஒரு மனிதனைப் பற்றி நான் நினைத்தது தவறாகப் போகும். அதையும் தாங்கிக்கொள்வேன். ஹனூர்ப் பக்கம் அனுப்பும் செய்திகளை நிறுத்திவிட்டு அந்த ஐந்து காடுகளையும் முதலிலிருந்து அளக்கச் சொல்லிக் கேள். முடியாது என்றால் அங்கே உட்காராதே. முடியும் என்றால் நீயே போ. காட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு, எங்களுக்காகத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. அவர்கள் கேட்கமாட்டார்கள். ஆகையால் என்றைக்கு வருகிறாய் என்று சொல்லாமல் போ. கம்பி இறங்காவிட்டால் இறங்கவில்லை என்று எழுது. நஞ்சப்பன் உன்னை உட்காரச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் நின்றுகொண்டே பேசு.

நேர்காணலில் நீ சொன்ன அந்த எட்டு வயதுக் கதையை மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்லாதே.

கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, வாழைப்பழம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தின் மேல் பாரமாக வைத்திருப்பதுதான் ஏழாம் எண் டப்பா. அடியில் இடமும் தேதியும் ஆழமும் எழுதியிருக்கிறேன். அலமாரியில் தராசு இருக்கிறது, வியாழக்கிழமையிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். எடை மட்டும் போடவில்லை. என் கையால் எழுதிய இன்னொரு எண் உன் கணக்கில் வேண்டாம்.

அப்பா